துப்பாக்கி இல்லாத வீட்டில் ஒரு கம்பி

மார்ச் 10, ஞாயிறு

மகள் இந்துமதியும் அவள் மாமனார் மாமியாரும் திண்டுக்கல்லிலிருந்து வந்து போனார்கள். மதியம் வெள்ளாட்டுக் கறி. காயப் போட்ட மிளகு பாதிதான் காய்ந்திருக்கிறது.

துப்பாக்கிக் குழல் துடைக்கிற பித்தளைக் கம்பி வளைந்துவிட்டது.

மார்ச் 11, திங்கள்

நேற்று எழுத விட்டுப்போயிற்று. வீட்டுக்காரி பஞ்சவர்ணமும் சாயங்காலமே அவர்களோடு காரில் ஏறிப் போய்விட்டாள். பேரனுக்குப் பரீட்சை வருகிறது, பாப்பா இந்துமதிக்குக் கூடமாட ஒரு ஆள் வேண்டும். பத்து நாளில் வந்துவிடுவாள். இட்லி மாவு இருக்கிறது.

மார்ச் 13, புதன்

கம்பியை டிவி ஸ்டாண்டின் கண்ணாடிமேல் வைத்து உருட்டிப் பார்த்தேன். நேரான கம்பி சத்தமில்லாமல் ஓடும். இது நொண்டுகிறது. கைப்பிடிப் பக்கம் ஒழுங்காக இருக்கிறது, நுனிக்கு ஒரு சாண் முன்னால் வளைவு. தட்டி நிமிர்த்தலாம் என்பான் பாக்கியநாதன். அவன் ஜீப் ஓட்டுகிறவன், அவனுக்கு எல்லாவற்றையும் தட்டி நிமிர்த்தலாம். துடைப்புக் கம்பி ஒரு தடவை வளைந்தால் வளைந்ததுதான். குழலுக்குள் விட்டால் நடுவில் வளைவு உள்சுவரில் இடிக்கும், உள்ளே இருக்கிற சுழல்வரிகளைத் தேய்க்கும். எங்கப்பா காலத்து 315 ரைபிள். தோட்டா சுட்டு அது தேயவில்லை. வருஷத்துக்கு நாலு தோட்டா, அதுவும் பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்து. தேய்ந்தால் துடைக்கிறவன் கையால்தான் தேயும். அதனால்தான் இவ்வளவு பார்க்கிறேன்.

சமையலறை சிங்க் அடைத்துக்கொண்டது என்று பஞ்சவர்ணம் அந்தக் கம்பியை எடுத்துக் குழாய்க்குள் விட்டுக் குத்தியிருக்கிறாள். வீட்டில் மூங்கில் இல்லையா, விளக்குமாற்றுக் குச்சி இல்லையா? சிங்க்கில் கண்டதையும் கழுவி ஊற்றினால் அடைக்கத்தான் செய்யும். அதைத்தான் சொன்னேன். "இது என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் வேறு எப்படிக் கேட்பான்.

மிளகு காய்ந்துவிட்டது. மூட்டை கட்டினேன்.

மார்ச் 17, ஞாயிறு

தேர்தல் தேதி நேற்று அறிவித்தாயிற்று. ஏப்ரல் 19. காலையில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஜெயக்கொடி போன்.

"மிலிட்டரி ஐயா, எலெக்சன் வந்துருச்சு. லைசன்ஸ் துப்பாக்கியெல்லாம் ஒப்படைக்கணும். எப்ப கொண்டாறீங்க?"

"புதன்கிழமை கொண்டாறேன்மா."

ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே கதை. ஓட்டு எண்ணி முடித்தபிறகுதான் திருப்பித் தருவார்கள். இந்தத் தடவை ஜூன் ஆகிவிடும். போன தேர்தலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தபோது பஞ்சவர்ணம் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, "ரெண்டு மாசத்துக்கு எண்ணெ நாத்தம் இல்ல" என்று சிரித்தாள்.

ஒப்படைக்குமுன் ஒரு முறை முழுதாகத் துடைக்க வேண்டும். வளைந்த கம்பியை விட முடியாது. பழைய பட்டாளத்துக் கயிறு ஒன்று பெட்டியில் கிடக்கிறது. ஒரு முனையில் குண்டு, மறு முனையில் துணி கோர்க்க வளையம். குண்டைக் குழலுக்குள் போட்டு வாய்வழியாக இழுத்தால் போதும். அது வளையாது, அது ஒன்றுதான் அதன் நல்ல குணம். துடைத்த ஃபிளானல் துண்டுகளை (பட்டாளத்தில் சிந்தி என்போம்) வழக்கம்போல சோப்புப் போட்டு சிங்க்கில் அலசிக் கொடியில் போட்டேன். புதுத் துணியாக வெட்டிக்கொண்டே இருந்தால் கட்டுப்படி ஆகுமா. சிங்க்கில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்குகிறது.

மார்ச் 20, புதன்

துப்பாக்கியைக் கொடுத்தாயிற்று. ஜெயக்கொடி சீட்டுக் கட்டி, நம்பர் எழுதி, மற்ற துப்பாக்கிகளோடு சுவரில் சாத்தினாள். சாத்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"வாய் கீழ பாத்த மாதிரி வைங்கம்மா. இல்லன்னா எண்ணெ இறங்கி கட்டைய ஊற வச்சுரும்."

"சரிங்கய்யா."

"யாரும் துடைக்க வேணாம். துடைச்சாலும் வாய்ப் பக்கமா ராடு விடக் கூடாது. போல்ட்டக் கழட்டிட்டு பின்பக்கமாத்தான் விடணும். வாய் விளிம்புல கம்பி உரசிச்சுன்னா குறி போச்சு."

"ஐயா, நானும் ரேஞ்சுல சுட்டவதான். இங்க இருக்கற வேலைல உங்க துப்பாக்கிய யாரு துடைக்கப் போறா." சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். "வீட்ல அம்மா சௌக்கியமா? இந்தத் தடவ கூட வரலியே."

"மக வீட்டுக்குப் போயிருக்கா."

"எப்ப வர்றாங்க?"

"பத்து நாள்ல."

பத்து நாள் என்பது இன்றோடு முடிகிறது என்று ஜீப்பில் ஏறியபிறகுதான் உறைத்தது.

மார்ச் 24, ஞாயிறு

சாயங்காலம் ஐந்தரைக்குக் கை தானாக அலமாரிக்குப் போகிறது. சுடாத நாளிலும் எடுத்து ஒரு முறை துடைத்து வைத்தால்தான் அன்றைக்கு நாள் முடிந்த மாதிரி. அவள் எதிரே முறத்தில் எதையாவது ஆய்ந்துகொண்டிருப்பாள். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. "விளக்கு போடவா?" என்பாள். "போடு" என்பேன். இப்போது விளக்கை நானே போடுகிறேன்.

சிங்க்கில் தண்ணீர் சுத்தமாக நின்றுவிட்டது. பாத்திரத்தை வெளியே வாழைக்கன்றுப் பக்கம் இருக்கிற குழாயில் கழுவுகிறேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், காப்பி வடிகட்டி. பெரிய வேலை ஒன்றும் இல்லை.

இரண்டு பன்றி வந்து கீழ்ப்பாத்தி மலைவாழையைச் சாய்த்துவிட்டுப் போயிருக்கின்றன. தகர டின்னைத் தட்டினேன். அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேர்தல் வந்தது அவற்றுக்கும் தெரிந்திருக்கிறது.

மார்ச் 27, புதன்

புதுக் கம்பி வாங்கப்போகிறேன். மதுரைக் கடைக்குப் போன் போட்டுப் பேசினேன். கடைக்காரர் மூன்று வகை சொன்னார்.

மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுவது விலை சல்லிசு, பையில் அடங்கும். வேண்டாம் என்றேன். மூட்டு எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடத்தில் ஒரு சின்னப் படி இருக்கும், ஒவ்வொரு தள்ளலுக்கும் குழலை நிரடும். அமுக்கும்போது நடுவில் நெளியவும் செய்யும். கம்பி என்றால் ஒரே துண்டாக இருக்க வேண்டும்.

ஒரே துண்டுப் பித்தளை, பழையது மாதிரியே. பித்தளை மென்மை, குழலைக் கீறாது என்று எல்லோரும் சொல்வார்கள். கீறாதுதான். ஆனால் மென்மையாக இருப்பதாலேயே தூசியும் கரியும் அதில் போய்ப் பதிந்துகொள்ளும், அப்புறம் அதுவே அரம் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் கம்பியைத் துடைத்துவிட்டுத்தான் மறுபடி உள்ளே விட வேண்டும். இத்தனை வருஷம் அப்படித்தான் செய்தேன். துப்பாக்கியைத் துடைத்ததைவிடக் கம்பியைத் துடைத்ததுதான் அதிகம்.

மூன்றாவது, ஸ்டீல் கம்பிமேல் பிளாஸ்டிக் பூச்சுப் போட்டது. பூச்சில் தூசி பதியாது. பூச்சு எங்கேயாவது பெயர்ந்திருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பிடிக்குள் பேரிங் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். குழலின் வரி சுழன்று போகிற போக்கிலேயே கம்பியும் சுழல வேண்டும், இல்லாவிட்டால் பிரஷ் வரிக்குக் குறுக்கே இழுபடும். அதையே அனுப்பச் சொன்னேன்.

"பித்தளை மாதிரி இது வளையாதே?"

"ஸ்டீலுங்க. நீங்களா முழங்கால்ல வச்சு ஒடிச்சாத்தான் உண்டு."

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பாக்கியநாதன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னான்: "துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்கு. அண்ணி திண்டுக்கல்ல இருக்கு. இப்ப யாருக்குண்ணே ராடு?"

இவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

கம்பி வந்துவிட்டது. பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து இரண்டு பக்கமும் மூடி ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். கண்ணாடியில் உருட்டினேன். ஓடியது, சத்தமே இல்லை. இன்னொரு முறை உருட்டினேன்.

கம்பியை மூலையில் சாய்த்து வைக்கக் கூடாது, தன் பாரத்திலேயே நாளாவட்டத்தில் வளையும். தொங்கத்தான் விட வேண்டும். பழைய கம்பி தொங்குகிற ஆணி சமையலறை வாசலுக்குப் பக்கத்துச் சுவரில். பக்கத்திலேயே இன்னொரு ஆணி அடித்தேன். பழையதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

ஏப்ரல் 5, வெள்ளி

புதுக் கம்பியைத் துடைத்தேன். அதில் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

இந்துமதி கூப்பிட்டாள். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள், ரத்த அழுத்த மாத்திரை இருக்கிறதா என்று கேட்டாள். எல்லாம் இருக்கிறது என்றேன். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பதிலுக்கு வேறு வந்தது.

"அப்பா, அன்னைக்கு என்ன பண்ணீங்கன்னு தெரியுதா உங்களுக்கு?"

"ராடப் பத்தி ஒரு வார்த்த கேட்டேன்."

"ஒரு வார்த்தையா? அம்மாவ நேரா நிக்க வச்சு, கையில கம்பியக் குடுத்து, இது என்ன, இது எதுக்கு, சொல்லுன்னு கேட்டீங்க. என் மாமனார் சோத்துல வச்ச கைய எடுக்காம உக்காந்திருக்காரு. அம்மா சொல்லிச்சு, துப்பாக்கி துடைக்கற கம்பின்னு. சத்தமாச் சொல்லுன்னீங்க. திரும்பச் சொல்லிச்சு. அப்புறம் அதத் துடைச்சு வைக்கச் சொன்னீங்க. துடைச்சு வச்சுது. அம்மா என்ன உங்க ரெக்ரூட்டாப்பா?"

பட்டாளத்தில் அப்படித்தான் கேட்பது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஓட்டுப் போட வருவாளா?" என்று கேட்டேன். அவள் ஓட்டு இங்கேதான் இருக்கிறது.

"அதையும் நீங்களே கேட்டுக்கங்க. பக்கத்துலதான் இருக்கு. போனக் குடுக்கவா?"

"அடுப்புல பால் வச்சிருக்கேன் பாப்பா. பொங்கிரும்" என்று வைத்துவிட்டேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. பாக்கியநாதன் மனைவி அவர்கள் வீட்டில் செய்தது என்று கொஞ்சம் பாயசம் கொடுத்தனுப்பினாள். சர்ச்சுக்குப் போகிற அவர்களுக்கு இது பண்டிகையே இல்லை, எனக்காகச் செய்திருக்கிறாள்.

ஓட்டுச் சீட்டு கொடுத்துப் போனார்கள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவள் சீட்டில் பஞ்சவர்ணம் என்று போட்டு, கணவர் பெயர் தவசி என்று போட்டிருக்கிறது. இரண்டையும் ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். காற்றில் பறக்கக் கூடாதென்று கல் உப்பு டப்பாவை எடுத்து மேலே வைத்தேன்.

ஓட்டுப் போட வருவாளா மாட்டாளா என்று காலையிலிருந்து அதே நினைப்பு. எந்தத் தேர்தலிலும் அவள் ஓட்டை விட்டதில்லை. கை முறிந்து கட்டுப் போட்டிருந்தபோதும் போய்ப் போட்டவள். அன்றைக்கும் வரவில்லை என்றால் அப்புறம் வருவதற்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

வீடு பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 17, புதன்

வெள்ளிக்கிழமை அவள் வந்தால் முதலில் போகிற இடம் சமையலறை. சிங்க்கில் தண்ணீர் நின்று நாறுகிறது. கண்ணில் படக்கூடாது.

வெந்நீர் ஊற்றினேன். சோடா உப்புப் போட்டேன். மூங்கில் சிம்பை விட்டேன், உள்ளேயே ஒடிந்துகொண்டது. கட்டுக்கம்பியை விட்டால் சுருண்டு திரும்பி என்னைப் பார்க்கிறது. குழாய் நேராகக் கீழே இறங்கி, சுவருக்குள் முழங்கை மாதிரி மடங்கித் திரும்பி, வாழைக்கன்றுப் பக்கம் வெளியே போகிறது. அடைப்பு அந்த முழங்கையில். நீளமாக, ஒல்லியாக, விறைப்பாக, நுனியில் எதையாவது மாட்டுகிற மாதிரி ஒன்று வேண்டும். அப்படி ஒன்று இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். எதிரே ஆணியில் தொங்குகிறது.

வளைந்ததையே எடுத்தேன். நேராக இறங்க மாட்டேன் என்றது. புதுசை எடுத்தேன். வைத்தேன். காப்பி போட்டுக் குடித்தேன். மறுபடி எடுத்தேன்.

நுனியில் வெண்கலப் பிரஷைத் திருகினேன். பாதியில் திருப்பி இழுக்கக் கூடாது, முழுக்கத் தள்ளிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது குழலுக்குள்ள விதி. இங்கேயும் அப்படியே செய்தேன், பழக்க தோஷம். முழங்கையில் போய் முட்டியது. உடம்புப் பாரம் முழுக்கக் கொடுத்து அமுக்கினேன். ஏதோ பிடி விட்டது. சிங்க் ஒரு பெருமூச்சு விட்டுக் காலியானது.

வெளியே போய்ப் பார்த்தேன். வாழைக்கன்று அடியில் முதலில் கறுப்பாகக் காப்பித் தூள் சேறு. வடிகட்டியை சிங்க்கில் தட்டுவது நான்தான், அவள் காப்பி குடிக்க மாட்டாள். அதற்குப் பின்னால் கட்டியாக ஒன்று. குச்சியால் பிரித்தேன். துணி. சதுரம் சதுரமாக, எண்ணெய் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஃபிளானல்.

என் சிந்தித் துணிகள். அலசும்போது கையிலிருந்து நழுவிப் போனவை. எத்தனை வருஷத்துத் துணிகளோ. கறிவேப்பிலை ஈர்க்கு ஒன்று இல்லை, தேங்காய் நார் இல்லை, அவள் போட்டதென்று ஒரு துணுக்கு இல்லை.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 18, வியாழன்

புதுக் கம்பியைக் கழுவித் துடைத்துக் கண்ணாடியில் உருட்டினேன். நொண்டியது. பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நுனிக்கு ஒரு சாண் முன்னால், இரண்டும் ஒரே இடத்தில் வளைந்திருக்கின்றன. பித்தளை கொஞ்சம் அதிகம், ஸ்டீல் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த முழங்கையில் யார் விட்டிருந்தாலும், எதை விட்டிருந்தாலும் வளைந்திருக்கும்.

இரண்டையும் ஆணியில் மாட்டினேன்.

போனை எடுத்து அவள் நம்பரைப் போட்டேன். மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். என்ன சொல்வது.

ஏப்ரல் 19, வெள்ளி

காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை நெருங்கும்போதெல்லாம் பின்னால் நிற்பவரை முன்னால் போகச் சொன்னேன். வெயில் ஏற ஏற வாசலில் நின்ற போலீஸ்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "பெரியவரே, ஓட்டுப் போடத்தான வந்தீங்க?" என்றார்.

உச்சிவேளைக்கு பாக்கியநாதன் ஜீப் வந்தது. பின்னாலிருந்து முதலில் குடை, அப்புறம் அவள் இறங்கினாள். இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். நேரே வந்து கையை நீட்டினாள். சட்டைப்பையிலிருந்து அவள் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பெண்கள் வரிசைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் நான் யாரையும் முன்னால் விடவில்லை.

வெளியே வந்தபோது விரல் மையை ஊதிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. சோறு வடிச்சு வச்சிருக்கேன்."

"ரெண்டு சேலை எடுக்கணும். வந்துட்டு நாலு மணி ஜீப்புக்குப் போகணும். பேரனுக்கு இன்னும் ரெண்டு பரீட்சை இருக்கு."

வீட்டுக்கு நடந்தோம். செருப்பைக் கழற்றினதும் நான் நினைத்தபடியே நேரே சமையலறைக்குத்தான் போனாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுந்து கடகடவென்று இறங்கியது. மூடினாள். மறுபடி திறந்து பார்த்தாள். அப்புறம் திரும்பி ஆணிகளைப் பார்த்தாள்.

"ரெண்டும் வளைஞ்சிருக்கு."

கண்ணாடியில் உருட்டாமலே தெரிந்துவிட்டது அவளுக்கு.

"புதுசு எப்ப வளைஞ்சுது?"

"புதன்கிழமை."

"எதுல?"

சிங்க்கைக் காட்டினேன். எப்படியோ அடுத்ததையும் சொல்லிவிட்டேன். "அடைச்சுக்கிட்டு இருந்தது எல்லாம் என் துணி, பஞ்சவர்ணம்."

அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. டம்ளரை எடுத்துக் கழுவிக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கேதான். குத்தி இழுத்தப்ப கம்பி நுனில மாட்டிக்கிட்டு ரெண்டு துணி வந்துச்சு. அதுக்குள்ள சம்பந்தியம்மா தண்ணி கேட்டு உள்ள வந்தாங்க. எண்ணெத் துணிய சோறாக்கற இடத்துல அலசறீங்கன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமேன்னு மடியில செருகிக்கிட்டேன்."

"நான் கேட்டப்பச் சொல்லியிருக்கலாமே."

"எங்க கேட்டீங்க? நேரா நில்லுன்னீங்க. நின்னேன்." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "துணி மடியிலதான் இருந்துச்சு."

நான் நின்றேன். நேராகத்தான் நின்றேன். என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லை. வேறு எப்படி நிற்பது என்றும் தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உக்காருங்க. சோறு ஆறுது" என்றாள்.

சாப்பிட்டோம். சோறு குழைந்திருக்கிறது என்றாள். ரசத்தில் உப்பு இல்லை என்றாள். உப்பு டப்பா ஃபிரிட்ஜ் மேல் இருப்பதைப் பார்த்து எழுந்துபோய் எடுத்து வந்தாள். அது ஏன் அங்கே இருந்தது என்று கேட்கவில்லை.

நாலு மணிக்கு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்து, ஆணியிலிருந்து பித்தளைக் கம்பியைக் கழற்றி பழைய பேப்பரில் சுற்றினாள்.

"பாப்பா வீட்லயும் சிங்க் அடைக்குது. இத எடுத்துட்டுப் போறேன்."

"அது வளைஞ்சதாச்சே. நேரா இறங்காது."

"அங்க குழாய் அடிலயே திரும்பிருது. வளைஞ்சதுதான் போகும்." பேப்பர் முனையை மடித்தாள். "உங்களுக்கு இது திரும்பி வேணுமா?"

"வேணும்."

"சரி. நானே கொண்டாந்து தர்றேன்."

ஜீப் திருப்பத்தில் மறைகிறவரை கம்பி பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தது. எப்போது கொண்டுவருவாள் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 20, சனி

துளை போட்ட மூடி ஒன்று வாங்கி வந்து சிங்க்கில் பொருத்தினேன். சிந்தித் துணிகளை இனிமேல் வெளிக்குழாயில்தான் அலசுவது. அதற்கென்று ஒரு பழைய வாளி வைத்தாயிற்று.

சாயங்காலம் ஸ்டீல் கம்பியைத் துடைத்து மாட்டினேன். பக்கத்து ஆணியில் காலண்டரை மாட்டலாம் என்று கை போனது. மாட்டவில்லை. அது பித்தளைக் கம்பிக்கு உள்ள இடம்.